மைனஸ் பத்தொன்பது ஏக்கர் கத்தரிக்காய்

அநியாயம் நடந்தது ஜெயராக்கினிக்கு. செய்தவர் காரைச்சத்திரம் கல்லூரியின் பொருளியல் துறைத் தலைவர் முனைவர் தெய்வசிகாமணி. வகுப்பில் இருந்த அத்தனை பேரும் பொய் எழுதிவிட்டு முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு கேன்டீனுக்குக் கிளம்பிப் போக, கணினி காட்டிய விடையைக் காட்டியபடியே எழுதிவைத்த ஒரே ஒருத்திக்கு அவர் முட்டை போட்டார். போட்ட முட்டை தனியாக இருந்தால் குளிரும் என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்திலேயே சிவப்பு மையில் 'நகைப்புக்குரியது' என்று ஒரு போர்வையும் போர்த்திவிட்டார்.

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் 'பொருளியல் கணக்குகளுக்குக் கணினி' என்று ஒரு தாள் இருந்தது. தெய்வசிகாமணி சாருக்குக் கணினியிடம் சம்பந்தி மரியாதை உண்டு. அதாவது கிட்டே போகமாட்டார், பின்னால் குறை சொல்வார், ஆனால் எதிரில் காலை நீட்டி உட்காரமாட்டார். அதனால் லேபில் ஒரு முறை ஏற்படுத்தி வைத்திருந்தார். கணக்கை அவர் போர்டில் எழுதுவார், பிள்ளைகள் அதை அப்படியே சாஃப்ட்வேரில் அடிக்க வேண்டும்; ஒரு எழுத்து கூட்டினாலும் வெளியே, ஒரு எழுத்து குறைத்தாலும் வெளியே. அன்றைக்கு அவர் எழுதியது ஊர்க் கணக்கு. ஊரில் நூறு ஏக்கர் நிலம் இருக்கிறது, அறுபத்திரண்டு பங்கு தண்ணீர் இருக்கிறது. ஒரு ஏக்கர் கத்தரி மூன்று பங்கு தண்ணீர் குடிக்கும், ஒரு ஏக்கர் முருங்கை ஒரே பங்கோடு நிறுத்திக்கொள்ளும். கத்தரியில் லாபம் கொஞ்சம் கூட, முருங்கையில் கொஞ்சம் குறைவு. எதை எத்தனை ஏக்கர் போட்டால் ஊருக்கு லாபம் அதிகம்?

ராக்கினி எழுந்தாள். அவள் எழுந்தாலே வகுப்புக்குப் அரை மணி நேரம் போய்விடும் என்பதால் பின் பெஞ்சு அவளை மனதார ஆதரித்தது.

"சார், ஏக்கர் பூஜ்யத்துக்குக் கீழ போகக் கூடாதுன்னு ஒரு நிபந்தனை எழுதணுமில்ல சார்?"

"நிபந்தனையாவது கத்தரிக்காயாவது. போர்டுல உள்ளதை அடிம்மா" என்றார் சார்.

வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்தாள், அடித்தாள். சாஃப்ட்வேருக்குக் கத்தரிக்காய் என்றால் சட்டியில் போடுவது என்றும் தெரியாது, முருங்கைக்காய் என்றால் மென்று துப்புவது என்றும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சொன்ன சொல்லை மீறாமல் இருப்பது மட்டும்தான். கண் சிமிட்டும் நேரத்தில் விடை வந்து நின்றது: முருங்கை நூற்றுப் பத்தொன்பது ஏக்கர், கத்தரி மைனஸ் பத்தொன்பது ஏக்கர்.

விடை எல்லாருக்கும் அதேதான் வந்தது. ஆனால் எல்லாரும் பிழைக்கத் தெரிந்தவர்கள். பக்கத்து இருக்கை பைரோஜா, ராக்கினியின் உயிர்த்தோழி, பிரின்ட் எடுத்த தாளில் அந்தச் சின்னக் கோட்டின் மேல் வொயிட்னர் தடவி, ஊதி ஊதிக் காயவைத்தாள்.

"என்னடி பண்றே?"

"ஒரு கோடுதானேடி. கத்தரிக்காய் மைனஸ்ல இருந்தா சார் திட்டுவாரு. ப்ளஸ்ல இருந்தா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"நூத்திப் பத்தொன்பதும் பத்தொன்பதும் நூத்தி முப்பத்தெட்டு. ஊர்ல மொத்தமே நூறு ஏக்கர்தான் இருக்கு, லூசு."

"அதையெல்லாம் யாருடி கூட்டிப் பாக்கப் போறா?"

உண்மைதான், யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டிப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவரும் பார்க்கவில்லை. நூறு ஏக்கர் ஊரில் நூற்று முப்பத்தெட்டு ஏக்கர் வெள்ளாமை எழுதியவர்கள் எல்லாம் முழு மதிப்பெண்ணோடு கேன்டீனில் பஜ்ஜி தின்றார்கள். ராக்கினிக்கு முட்டை. அந்த உள்மதிப்பெண் இல்லாமல் செமஸ்டர் எழுத முடியாது. செமஸ்டர் எழுதாவிட்டால் ஒரு வருஷம் வீட்டில் இருக்க வேண்டும். பெண் பிள்ளை ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் அந்த வருஷத்துக்குப் பெயர் மாப்பிள்ளை.

அவள் கல்லூரியின் குறைதீர்க் குழுவுக்கு மனுப் போட்டாள். குழுவின் தலைவர் தெய்வசிகாமணி. அவர் நேர்மையானவர், முறை தவறாதவர். ஆகவே குழுத் தலைவர் நாற்காலியில் அமர்ந்து துறைத் தலைவரிடம் விளக்கம் கேட்டார், எழுந்து சுற்றி வந்து எதிர் நாற்காலியில் அமர்ந்து விளக்கம் கொடுத்தார், திரும்பவும் சுற்றி வந்து கேட்ட விளக்கம் திருப்தியாக இருப்பதாகச் சொன்னார். இந்த இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்த ராக்கினியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"மைனஸ் கத்தரிக்காய்னு ஒண்ணு உலகத்துல உண்டாம்மா?" என்று மட்டும் போகிறபோக்கில் கேட்டார்.

அந்த வாரச் சந்தைக்கு மைனஸ் கத்தரிக்காய் வந்து இறங்கியது.

பார்ப்பதற்குக் கத்தரிக்காய் மாதிரிதான் இருந்தது. நிறம் மட்டும் மோர் நிறம், காம்பில் இருக்க வேண்டிய முள் உள்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது, கையில் எடுத்தால் கை லேசாக மேலே போனது. எலக்ட்ரானிக் தராசில் வைத்தபோது அது எடைக்கு முன்னால் ஒரு கோடு போட்டுக் காட்டியது. கோட்டைப் பார்த்து யாரும் வொயிட்னர் தேடவில்லை, ஏனென்றால் மார்க்கெட்டில் யாரும் எம்.ஏ. படிக்கவில்லை. மண்டி முதலாளி குப்பமுத்து ஒரு காயை உருட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "புது ரகம் போல" என்று ஏலத்தை ஆரம்பித்தார். சுமைதூக்குகிறவர்கள் மட்டும், மூட்டை ஏற ஏற லாரி லேசாகிறதே, அப்படியானால் நாங்கள் செய்வது ஏற்றுக்கூலிக்கான வேலையா இறக்குக்கூலிக்கான வேலையா என்று கேட்டு நடு மார்க்கெட்டில் உட்கார்ந்தார்கள், மண்டிக்காரர்கள் இரண்டும் ஒன்றுதான் என்று பேசி எழுப்பினார்கள், வேலை நடந்தது. வாங்க வந்தவர்கள் வெறும் பையோடு வந்து, வெறும் பையை விட லேசான பையோடு வீட்டுக்குப் போனார்கள்.

அதைச் சமைத்துச் சாப்பிட்டால் பசித்தது. எவ்வளவு சாப்பிட்டார்களோ அவ்வளவு பசித்தது. ஊர் இரண்டே நாளில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு அப்புறம் இலையில் ஒரு துண்டு வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் மறுபடியும் சாம்பாரிலிருந்து ஆரம்பித்தார்கள். பெண் வீட்டார் முதல் கல்யாணத்தோடு அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். காலையில் உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்த கவுன்சிலர் பத்து மணிக்கெல்லாம் ஒரு வாரம் பட்டினி கிடந்த முகத்தோடு போட்டோவுக்குச் சாய்ந்தார். பிடிக்காத ஓரகத்தியின் குழம்பில் யாரும் பார்க்காதபோது மோர் நிறக் காய் ஒன்றைப் போட்டுவிட்டு வந்தால், அதிலிருந்த நல்ல காயும் இந்தக் காயும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டு, சட்டியில் புளித்தண்ணீர் மட்டும் எதுவும் தெரியாதது போலக் கொதித்துக்கொண்டிருந்தது. அப்படிச் செய்தவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை, ஏனென்றால் எல்லாரும் செய்தார்கள்.

கத்தரி நிலத்தைப் பிடிக்கும், தண்ணீரைக் குடிக்கும். மைனஸ் கத்தரி நிலத்தை விடும், தண்ணீரைக் கக்கும். இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்று வெள்ளாமைக்காரர்கள் கேட்டார்கள். அந்தச் செடி நின்ற இடமெல்லாம் வேரிலிருந்து நீர் கசிந்து வாய்க்காலில் ஓடியது. வரப்புக்கும் வரப்புக்கும் நடுவில் இருந்த நிலம் பிசைந்த மாவை இழுத்தது போல நீண்டது. நீண்ட பத்தொன்பது ஏக்கரிலும் முருங்கை காய்த்துத் தொங்கியது. அளக்க வந்த கிராம நிர்வாக அலுவலர் அந்தப் பத்தொன்பது ஏக்கரின் நடுவில் நின்றுகொண்டு, சர்வே எண் இல்லாத நிலத்தைத் தன்னால் பார்க்க முடியாது என்று சொல்லி, பார்க்காத நிலத்தில் பறித்த முருங்கைக்காயில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இது யாருடைய கணக்கு என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. பைரோஜா டவுன் பஸ்ஸில் சொல்லியிருந்தாள். அவள் ரகசியமாகத்தான் சொன்னாள், பஸ்தான் சத்தமாக ஓடியது. தெருவில் ராக்கினி போனால், "நம்ம மைனஸ் பாப்பா" என்று சொல்லி வழிவிட்டார்கள். அவள் ஒரு மோர் நிறக் கத்தரிக்காயைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு துறைத் தலைவர் அறைக்குப் போனாள். மேஜையில் வைத்தாள். கைக்குட்டை ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

"உலகத்துல உண்டான்னு கேட்டீங்களே சார்."

தெய்வசிகாமணி சார் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மார்க்கெட்ல வந்திருக்கு. சரி. சிலபஸ்ல வரலையேம்மா."

"சார், ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். நீங்க போட்ட கணக்கு சரின்னா என் விடை சரி. என் விடை தப்புன்னா நீங்க போட்ட கணக்கு தப்பு. எப்படிப் பாத்தாலும் என் தாள்ல முட்டைக்கு இடமில்ல."

"இந்த வாய்தான் உனக்கு எதிரி."

"வாய் என் பக்கம்தான் சார் இருக்கு."

அவர் ஒரு சமாதானம் சொன்னார். 'நிபந்தனையை எழுத மறந்தது என் கவனக்குறைவு' என்று அவள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், மறுதேர்வு வைத்து முழு மதிப்பெண் போட்டுவிடுவார். பைரோஜா அறைக்கு வெளியே நின்று கையைக் காலை ஆட்டி, எழுதிக் கொடுத்துத் தொலை என்று ஜாடை காட்டினாள். மாப்பிள்ளை என்ற சொல்லையும் உதட்டசைவில் சொல்லிக் காட்டினாள்.

"மறந்தது நான் இல்லியே சார்" என்று ராக்கினி கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவளுடைய வெற்றி ஊர் முழுக்க விளைந்து கிடந்தது, அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் அவள் நிமிர்ந்துதான் நடந்தாள். ஆனால் ஒச்சம்மாவின் கடையைத் தாண்டும்போது அந்த நடை கொஞ்சம் தடுமாறியது. ஒச்சம்மா பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் மட்டுமே விற்கிறவள். வேறு காய் வைத்தால் கத்தரிக்காய் கோபித்துக்கொள்ளும் என்பது அவள் கட்சி. இப்போது அவள் நல்ல காயைக் கூடையில் கொட்டி நிமிர்வதற்குள், பக்கத்துக் கடை மோர் நிறக் காய் ஒன்று காற்றில் மிதந்து வந்து விழும், இரண்டும் காணாமல் போகும். கடைசியில் ஊரில் நல்ல கத்தரிக்காய் என்று ஒன்றுகூட இல்லை. ஒச்சம்மா வெறும் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் அதன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ பாப்பா, இங்க வா. நீதானே அந்தக் கணக்கு?"

"கணக்கு சார் போட்டது அக்கா. நான் அடிச்சேன்."

"அடிச்சியோ புடிச்சியோ, எங்கூடையில ஏன் கைய வச்சே? நான் உன்னைய என்ன செஞ்சேன்?"

"அக்கா, இதுல ஒரு கொள்கை இருக்கு..."

"கொள்கைய எண்ணெயில வதக்க முடியுமா? ஒழுங்கா அழிச்சுப்புடு."

அழித்தால் ஒச்சம்மாவின் கூடை நிறையும். ஆனால் ராக்கினியின் விடை சரி என்பதற்கு ஊரில் ஒரு காய்கூட சாட்சி இருக்காது, முட்டை முட்டையாகவே இருக்கும். எதிர்வாதத்துக்குப் பதில் இல்லாமல் அவள் நின்றது அன்றைக்குத்தான். அது அவளுக்குப் பழக்கமில்லாததால் ஏதோ ஜுரம் வருகிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

இதற்குள் குப்பமுத்துவும் மாறியிருந்தார். நூற்றுப் பத்தொன்பது ஏக்கர் முருங்கைக்காய் என்பது காகிதத்தில் பார்ப்பதற்கு லாபம், மண்டியில் பார்ப்பதற்கு விறகு. சாம்பாரில் முருங்கைக்காய், ரசத்தில் முருங்கைக்காய், ஊறுகாயில் முருங்கைக்காய். ஊரில் முருங்கைக்காய் கலக்காத பண்டம் காபி ஒன்றுதான் என்ற நிலை. புதிதாகக் கல்யாணமானவர்களைக் கேலி செய்து செய்து ஊருக்கே அலுத்துவிட்டது. வாங்குவாரில்லை. எவ்வளவு விளைந்தாலும் விலை அப்படியே நிற்கும் என்று கணக்கில் எழுதியிருந்ததாம். அதை எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்று குப்பமுத்து ஒச்சம்மாவையும் சேர்த்துக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினார். வழியில் பார்த்தவர்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள்.

கல்லூரி முதல்வர் அம்மா எல்லாரையும் லேபில் உட்காரவைத்தார். செருப்பை வெளியே விட வேண்டும் என்பது லேபின் விதி. ஊரே செருப்பை விட்டதில் வராந்தா கோயில் வாசல் மாதிரி ஆனது. தெய்வசிகாமணி சார் முதலில் ராக்கினியை விட்டுவிட்டு விஷயத்தை முடிக்கப் பார்த்தார். பைரோஜாவையும் மற்றவர்களையும் உட்காரவைத்து நிபந்தனையைச் சேர்த்து அடிக்கச் சொன்னார். அவர்கள் அடித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மார்க்கெட்டில் ஒன்றும் அசையவில்லை. அவர்கள் கொடுத்த தாளில் மைனஸே இல்லை, ஊர் அந்தத் தாள்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

ராக்கினியின் கணக்கு ராக்கினியின் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருந்தது. அவள் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"சார், முதல்ல நீங்க கையால போடுங்க. சாஃப்ட்வேர் தப்பா, நான் தப்பா, எல்லாரும் பாக்கட்டும்."

அவர் போட்டார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. கணக்கு என்று வந்துவிட்டால் அவர் கை அழகு. தண்ணீர்ச் சமன்பாட்டிலிருந்து நிலச் சமன்பாட்டைக் கழித்தார், கழித்ததை இரண்டால் வகுத்தார், மைனஸ் பத்தொன்பது வந்தது. சாக்பீஸ் அந்தக் கோட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, எவ்வளவு பெரிய மனிதர் என்பதற்கு இதுதான் அடையாளம், அவருக்கே உரிய வேகத்தோடு திரும்பி, "சரிம்மா, நீ கேட்ட நிபந்தனையைப் போட்டா என்ன வரும்னு பாத்தியா?" என்றார். அதையும் போட்டார். முருங்கை அறுபத்திரண்டு ஏக்கர். கத்தரி பூஜ்யம்.

ராக்கினி திரையைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள். சரிதான். பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று வகுப்பே சிரிக்கச் சிரிக்கக் கேட்டாளே தவிர, பூஜ்யத்தில் நிற்கலாமா என்று அவளும் யோசிக்கவில்லை. காது மடல் சுட்டது.

"பூஜ்யம்னா?" என்றாள் ஒச்சம்மா பின்னாலிருந்து.

"இல்லைன்னு அர்த்தம்" என்றார் குப்பமுத்து.

"இப்பவும் இல்லதானே இருக்கு! இதச் சொல்லவா செருப்பக் கழட்டச் சொன்னீக?"

"பொறுங்கக்கா" என்றாள் ராக்கினி. "சார், கத்தரி பத்து ஏக்கருக்குக் குறையக் கூடாதுன்னு எழுதுங்க."

"எந்த அடிப்படையில பத்து?"

"ஊர் திங்கிற அடிப்படையில சார்."

"அது பொருளியல் ஆகாதும்மா."

"ஏன் சார், உங்க வீட்ல எண்ணெய்க் கத்தரிக்காய் வச்சு எத்தனை நாள் ஆச்சு?"

சார் தொண்டையைச் செருமினார். அவர் வீட்டில் என்ன சமையல் என்பது துறைக்கு அப்பாற்பட்ட விஷயம். ஆனால் அவர் முகத்தில் தெரிந்தது முருங்கைக்காய். போர்டுப் பக்கம் திரும்பினார். கத்தரி பத்துக்குக் குறையாது என்று எழுதினார். முருங்கையும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்று யாரும் கேட்காமலே எழுதினார். ராக்கினி ஒரு எழுத்து கூட்டாமல், ஒரு எழுத்து குறைக்காமல் அடித்தாள். என்டர் பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு, அழுத்தாமல் இருந்தாள்.

"அடிம்மா" என்றார் முதல்வர் அம்மா.

"அடிச்சிட்டா மைனஸ் கத்தரிக்காய் எல்லாம் போயிரும் மேடம். அப்புறம் எனக்கு சாட்சி கிடையாது."

தெய்வசிகாமணி சார் அவசரமாகப் பேனாவைத் திறந்து, விடைத்தாள் கட்டிலிருந்து அவள் தாளை உருவி, முட்டையை அடித்துவிட்டு முழு மதிப்பெண்ணையும் போட்டு, கையெழுத்தும் போட்டார். "இந்தா. ஆச்சா? நல்ல மனசோட போட்டிருக்கேன்."

பைரோஜா கை தட்டினாள். ராக்கினி தட்டவில்லை.

"நல்ல மனசு வேண்டாம் சார். மனசு மாறுனா மார்க்கும் மாறும். ஏன் போட்டீங்கன்னு காரணம் சொல்லுங்க."

"மார்க் வந்தப்புறமும் வழக்கா!"

"அன்னிக்கு வகுப்புல எந்திரிச்சு நான் ஒரு கேள்வி கேட்டேன் சார். இன்னும் பதில் வரலை."

முதல்வர் அம்மா ஜன்னலைப் பார்த்தார். குப்பமுத்து, இந்தப் பிள்ளையை ஏலத்துக்கு விட்டால் மண்டி தாங்காது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார். ஒச்சம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னத்தையோ சொல்லித் தொலைங்க சார், அந்தப் புள்ள வெரல எடுக்கட்டும். கூடை காஞ்சு கெடக்கு."

தெய்வசிகாமணி சார் டஸ்டரை எடுத்தார், வைத்தார். போர்டின் ஓரத்தில் துடைக்க எதுவும் இல்லாத இடத்தைக் கையால் துடைத்தார். அப்படியே ஊருக்கும் ராக்கினிக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, சாக்பீஸிடம் சொல்வது போல ஏதோ சொன்னார். ராக்கினிக்கு அது நன்றாகவே கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"கேக்கல சார்" என்றாள்.

அவர் திரும்பினார். கண்ணாடிக்குப் பின்னால் கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருந்தது.

"எழுதணும்மா, கட்டாயம் எழுதணும். நான்தான் எழுத மறந்துட்டேன்னு சொன்னேன். போதுமா, இல்ல மைக் கொண்டாரச் சொல்லவா?"